ஆபரேஷனுக்கு முன் ஒரு டோஸ்: தடுப்பு ஆன்டிபயாடிக் எப்படி வேலை செய்கிறது?

ஒரே வாரத்தில் ஒரே சிகிச்சை செய்துகொண்ட இரண்டு பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் கரு தங்காமல் போய், கர்ப்பப்பையைச் சுத்தம் செய்யும் டி அண்ட் சி செய்ய வேண்டி வந்தது. வீடு திரும்பும்போது ஒருவரின் கைப்பையில் ஐந்து நாளுக்கான ஆன்டிபயாடிக் அட்டை. மற்றவரிடம் வலி மாத்திரை நான்கு, அவ்வளவுதான். இருவரும் போனில் பேசிக்கொள்கிறார்கள். “உனக்கு ஆன்டிபயாடிக்கே கொடுக்கலையா? அப்புறம் உள்ளே புண் எப்படி ஆறும்?” என்று முதலாமவர் பதறுகிறார். அன்று இரவு இரண்டாமவருக்குத் தூக்கம் போச்சு.

அந்த ஒரு கேள்விக்குள் மூன்று தவறான எண்ணங்கள் இருக்கின்றன. ஆன்டிபயாடிக் புண்ணை ஆற்றும் என்பது ஒன்று. கத்தியோ கருவியோ உடம்பில் பட்டாலே அது கட்டாயம் என்பது இன்னொன்று. எல்லாம் முடிந்த பிறகு சாப்பிட ஆரம்பித்தாலும் காப்பாற்றிவிடும் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதுதான் ஆழமாக வேரோடிப்போன எண்ணம். அதனால் அதற்குத்தான் இங்கே அதிக இடம்.

முதல் எண்ணத்தை இப்போதே முடித்துவிடலாம். ஆன்டிபயாடிக் என்பது பாக்டீரியாக்களைக் கொல்லும் அல்லது அவை பெருகாமல் தடுக்கும் மருந்து. புண்ணை ஆற்றுவது உடம்பின் வேலை. பாக்டீரியா குறுக்கே வராமல் பார்த்துக்கொள்வது மட்டுமே மருந்தின் வேலை.

சிறியது, பெரியது: எதை வைத்து?

பெண்களுக்கான சிறு அறுவை சிகிச்சைகள் என்றால் பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடும் வகை. கர்ப்பப்பைக்குள் இருப்பதைச் சுரண்டியோ உறிஞ்சியோ எடுக்கும் டி அண்ட் சி, கர்ப்பப்பை உட்சுவரிலிருந்து துளி சதை எடுக்கும் பயாப்ஸி, மெல்லிய கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கும் ஹிஸ்டரோஸ்கோப்பி, காப்பர்-டி பொருத்துவது, தொப்புள் அருகே சிறு துளை போட்டு வயிற்றுக்குள் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி எல்லாம் இதில் வரும்.

வெளியே தெரியும் தழும்பை வைத்து இவற்றை எடைபோடுவது நம் வழக்கம். தழும்பே இல்லாத டி அண்ட் சி ‘ஒண்ணுமில்லை’ என்றாகிவிடுகிறது. மூன்று துளை போட்ட லேப்ராஸ்கோப்பி ‘ஆபரேஷன்’ என்றாகிவிடுகிறது. தொற்றின் கண்ணில் கணக்கு வேறு. கருவி எந்த வழியாக, எதைத் தாண்டி, எங்கே போகிறது என்பதுதான் அங்கே கேள்வி. சுத்தம் செய்த வயிற்றுத் தோல் வழியாக நேராக உள்ளே போகும் கேமராவைவிட, தழும்பே விடாத டி அண்ட் சி கிருமிகளுக்கு நல்ல வாய்ப்பு.

கிருமி வெளியிலிருந்து வருவதில்லையா?

தொற்று வந்தாலே ‘ஆஸ்பத்திரி சுத்தமில்லை’ என்று சொல்லிவிடுகிறோம். சில சமயம் அது உண்மையும்கூட. ஆனால் இந்த வகைச் சிகிச்சைகளுக்குப் பிறகு வரும் தொற்றில் பெரும்பாலும் காரணம் அந்தப் பெண்ணின் உடம்பிலேயே, அதுவரை யாருக்கும் தொந்தரவு தராமல் வாழ்ந்துவந்த பாக்டீரியாக்கள்தான்.

ஆற்றில் கிடக்கும் மணலால் யாருக்கும் தொல்லையில்லை. அதில் ஒரு துகள் கண்ணில் விழுந்தால் அன்றைய வேலை கெட்டது. மணல் மாறவில்லை, இடம்தான் மாறியது.

பெண்ணின் பிறப்புறுப்புப் பாதையில் பாக்டீரியாக்கள் எப்போதும் உண்டு. இருக்கவும் வேண்டும். அங்கே பெரும்பான்மையாக இருப்பது லாக்டோபேசிலஸ் என்ற வகை. அது லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, இனப்பெருக்க வயதில் அந்த இடத்தின் அமிலத்தன்மையை பி.எச். 3.8 முதல் 4.5 வரை வைத்திருக்கிறது. அந்தப் புளிப்பில் பல கெட்ட கிருமிகளால் பெருக முடியாது. அதாவது முதல் காவலாளியே ஒரு பாக்டீரியாதான். அவற்றோடு கூடவே, ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் வகைகளும், குடலிலிருந்து வந்து தங்கிய ஈ.கோலை போன்றவையும் குறைந்த எண்ணிக்கையில் இருக்கும்.

மேலே கர்ப்பப்பை. அதற்கும் கீழ்ப்பாதைக்கும் நடுவே கர்ப்பப்பை வாய். அந்த வாயில் கெட்டியான சளி ஒரு மூடிபோல அடைத்துக்கொண்டிருக்கும். அதில் கிருமிகளைக் கொல்லும் புரதங்களும் உண்டு. இந்த மூடியின் தயவால், கீழே நெரிசலாக இருந்தாலும் மேலே கிருமிகள் மிகக் குறைவு.

இங்கே ஒரு சொல்லைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். தொற்று என்றால் கிருமி இருப்பது என்று பொருளில்லை. கிருமி திசுவுக்குள் நுழைந்து, பெருகி, உடம்பைப் பாதித்து, உடம்பு எதிர்த்துப் போராடத் தொடங்குவதுதான் தொற்று. சும்மா குடியிருப்பது வேறு, கைப்பற்றுவது வேறு. ‘ஸ்வாப் எடுத்துப் பார்த்தார்கள், பாக்டீரியா இருக்கிறதாம்’ என்று கலங்கும் பலருக்கு யாரும் இதைச் சொல்வதில்லை.

இதுவரை பார்த்தது: கிருமிகள் கீழே ஏற்கெனவே இருக்கின்றன, மேலே போகாமல் ஒரு கதவு தடுக்கிறது, சிறு அறுவை சிகிச்சை என்பது அந்தக் கதவைத் திறந்து உள்ளே போவது.

கதவு திறக்கும் அந்தச் சில நிமிடங்கள்

டி அண்ட் சி நடக்கும் மேஜையைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். மருத்துவர் கிருமிநாசினியில் நனைத்த பஞ்சால் கர்ப்பப்பை வாயைத் துடைக்கிறார். கிருமிகள் வெகுவாகக் குறைகின்றன, ஆனால் பூஜ்யத்துக்கு வருவதில்லை. தோலைப்போல் வழவழப்பான பரப்பாக இருந்தால் துடைப்பது சுலபம். இது மடிப்பும் இடுக்கும் ஈரமும் உள்ள இடம். பிறகு, மெல்லியதில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருமன் கூடும் உலோகக் குச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வாயை விரிக்கின்றன. கருவி அழுத்த நீராவியில் வெந்து சுத்தமாக வந்ததுதான். ஆனால் உள்ளே போகும் வழியில் அது கடப்பது அந்த ஈரமான பாதையை. போகும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு துளியைத் தள்ளிக்கொண்டே போகிறது.

உள்ளே அதற்குக் கிடைப்பது என்ன? சுரண்டப்பட்டுப் பச்சைப் புண்ணாக இருக்கும் உட்சுவர். கசியும் ரத்தம், வெதுவெதுப்பு, இரும்புச்சத்து, புரதம். பாக்டீரியாவுக்கு இதைவிட நல்ல நிலம் கிடைக்காது. சாதகமான சூழலில் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். தடையே இல்லை என்று வைத்துக்கொண்டால் ஒரே ஒரு பாக்டீரியா 2 மணி நேரத்தில் 64 ஆகும், 4 மணி நேரத்தில் 4,096, 6 மணி நேரத்தில் 2,62,144.

உடம்பில் தடை உண்டு. ரத்த வெள்ளை அணுக்கள் ஓடிவந்து கிருமிகளை விழுங்குகின்றன. பெரும்பாலான பெண்களுக்கு எந்த மருந்தும் இல்லாமலே இந்தப் படை ஜெயித்துவிடுகிறது. ஆனால் படை திரண்டு முழு பலத்துக்கு வர நேரமாகும். அதற்குள் கிருமிகள் எவ்வளவு முந்திவிட்டன என்பதில்தான் தொற்று வருமா வராதா என்பது இருக்கிறது. இது ஓட்டப்பந்தயம். கிருமியின் கால் தொடக்கக் கோட்டிலேயே தடுக்கி விழும்படி செய்வதுதான் தடுப்பு ஆன்டிபயாடிக்.

மழைக்கு முன்னால் மழைக்கோட்டு

தடுப்பு ஆன்டிபயாடிக் என்றால், தொற்று எதுவும் இல்லாத ஒருவருக்கு, வரக்கூடிய தொற்றைத் தடுப்பதற்காக, சிகிச்சை தொடங்கும் முன்பே கொடுக்கும் மருந்து. இந்த வரையறையில் ‘முன்பே’ என்ற சொல்லை எடுத்துவிட்டால் மீதி எதற்கும் பெரிய அர்த்தமில்லை.

மழைக்கோட்டை வெளியே இறங்கும் முன் போட்டுக்கொண்டால் நனைய மாட்டோம். தொப்பலாக நனைந்த பிறகு போட்டுக்கொண்டால், நனைந்த துணிமேல் இன்னொரு சுமை. இது வெறும் உவமை, நம்ப வேண்டியதில்லை. சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

1961-ல் ஜான் பர்க் என்ற அறுவை மருத்துவர் கினிப் பன்றிகளின் தோலுக்குள் பாக்டீரியாவைச் செலுத்தினார். சிலவற்றுக்கு அதற்கு முன்பே ஆன்டிபயாடிக், சிலவற்றுக்கு ஒரு மணி நேரம் கழித்து, சிலவற்றுக்கு இன்னும் தாமதமாக. மருந்து முதலிலேயே திசுவில் இருந்தபோது பலன் உச்சத்தில் இருந்தது. தாமதமாக ஆக அது குறைந்துகொண்டே வந்தது. மூன்று மணி நேரம் தாண்டியதும் மருந்து கொடுத்த பிராணிக்கும் கொடுக்காத பிராணிக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அதே மருந்து, அதே கிருமி, நேரம் மட்டும் வேறு.

மனிதர்களில் இதை அழுத்தமாகக் காட்டியது 1992-ல் வெளியான ஓர் ஆய்வு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2,847 பேரை, தடுப்பு மருந்து எப்போது போனது என்பதை வைத்துப் பிரித்தார்கள். கத்தி படுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் காயத்தில் தொற்று 0.6 சதவீதம். சிகிச்சை தொடங்கி மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனபிறகு பெற்றவர்களில் 3.3 சதவீதம். இதில் பலரும் கவனிக்காத இன்னொரு எண் உண்டு: இரண்டு மணி நேரத்துக்கும் வெகு முன்னதாகவே பெற்றவர்களில் 3.8 சதவீதம். சீக்கிரம் போட்டுக்கொண்ட மழைக்கோட்டை மழை வருவதற்குள் கழற்றிவிட்ட கதை. ரத்தத்தில் மருந்தின் அளவு அதற்குள் இறங்கிப்போய்விடுகிறது.

முன்பே கொடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். புண்ணில் ரத்தம் கசிந்து உறைகிறது. உறைவதற்கு முன்பே மருந்து ரத்தத்தில் இருந்தால், உறைந்த கட்டிக்குள்ளும் மருந்து சிறைப்பட்டுக் கிடக்கும். கட்டிக்குள் மாட்டிய கிருமி மருந்தோடு சேர்ந்தே மாட்டுகிறது. ஆனால் உறைந்த பிறகு மருந்து வந்தால், அந்தக் கட்டிக்குள் ரத்த ஓட்டம் இல்லை. மருந்து வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அதனால்தான் நரம்பு வழி ஊசியாகப் போடும் செஃபசோலின் போன்ற மருந்துகளைப் பொதுவாகக் கத்தி படுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்கிறார்கள். மாத்திரையாக இருந்தால், வயிற்றில் கரைந்து ரத்தத்தில் சேர நேரம் வேண்டும் என்பதால் இன்னும் முன்னதாக.

சுருக்கிச் சொன்னால், கருவி உள்ளே போகும் அந்தக் கணத்தில் திசுவில் மருந்து காத்திருக்க வேண்டும். அதைவிட ரொம்ப முந்தினாலும் வீண், பிந்தினாலும் வீண்.

அப்படியானால் அந்த ஐந்து நாள் அட்டை?

கதவு எவ்வளவு நேரம் திறந்திருந்தது? டி அண்ட் சி பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குள் முடியும் வேலை. ஆபத்தான சாளரம் அந்தக் கால் மணி நேரமும் அதையொட்டிய சில மணி நேரமும்தான். ஒரு டோஸ் மருந்து அந்தச் சாளரத்தை முழுதாக மூடிவிடுகிறது. நான்காம் நாள் காலையில் விழுங்கும் மாத்திரை எந்தச் சாளரத்தை மூடுகிறது?

உலகச் சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட அறுவைத் தொற்றுத் தடுப்பு வழிகாட்டல், சிகிச்சை முடிந்த பிறகு தடுப்புக்காக ஆன்டிபயாடிக்கைத் தொடர வேண்டாம் என்றே பரிந்துரைக்கிறது. நீட்டித்தால் தொற்று மேலும் குறைவதில்லை என்பதுதான் காரணம். ஆபரேஷன் பல மணி நேரம் நீண்டால் நடுவில் இன்னொரு டோஸ் போடுவது உண்டு. அது பெரிய சிகிச்சைகளின் விஷயம். கருக்கலைப்புக்கான சில வழிகாட்டல்களில் டாக்ஸிசைக்ளினை மூன்று நாள் வரை கொடுக்கலாம் என்ற வரியும் இருக்கிறது. எனவே ஒருவருக்கு மூன்று நாள் மாத்திரை எழுதியிருந்தால் உடனே மருத்துவரைக் குறை சொல்லிவிட முடியாது.

ஏற்கெனவே தொற்று இருக்கிறது என்று தெரிந்தோ, பலமாகச் சந்தேகித்தோ கொடுப்பது முற்றிலும் வேறு. அதன் பெயர் சிகிச்சை. அதற்கு நாள் கணக்கு உண்டு, நடுவில் நிறுத்தவும் கூடாது. தடுப்பும் இல்லாமல், தொற்றும் இல்லாமல், ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று ஐந்து நாள் எழுதுவது இரண்டிலும் சேராத ஒன்று. அது பல இடங்களில் பழக்கத்தால் நடக்கிறது. நோயாளியின் எதிர்பார்ப்பாலும் நடக்கிறது. மாத்திரை எழுதித் தராத மருத்துவரைக் கவனக்குறைவானவர் என்று நினைப்பவர்கள் நம்மில்தான் அதிகம்.

எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம்

இது கதவைப் பொறுத்தது. கதவைத் திறந்து உள்ளே புண்ணாக்கும் சிகிச்சைகளில் தடுப்பு டோஸுக்கு நியாயம் அதிகம். கருவி வழியாகச் செய்யும் கருக்கலைப்பு இதற்கு நல்ல உதாரணம். பல ஆய்வுகளைத் திரட்டி 1996-ல் வெளியான கணக்கீட்டில், தடுப்பு மருந்து பெற்ற பெண்களுக்குப் பிந்தைய தொற்று ஏறக்குறைய 42 சதவீதம் குறைவு. பல மருத்துவ அமைப்புகள் இதற்கு எல்லோருக்கும் தடுப்பு டோஸைப் பரிந்துரைக்கின்றன.

கரு தானாகவே கலைந்து, மீதியை எடுக்கச் செய்யும் டி அண்ட் சி-க்கும் அப்படியேதான் இருக்கும் என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள். 2019-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு அதைக் கொஞ்சம் சிக்கலாக்கியது. மலாவி, பாகிஸ்தான், தான்சானியா, உகாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,412 பெண்கள். பாதிப் பேருக்குச் சிகிச்சைக்கு இரண்டு மணி நேரம் முன்பு ஒரே ஒரு டோஸாக டாக்ஸிசைக்ளின் 400 மில்லிகிராமும் மெட்ரோனிடசோல் 400 மில்லிகிராமும். மீதிப் பாதிக்குப் பார்ப்பதற்கு அதேபோல் இருக்கும் மருந்தற்ற மாத்திரை. யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. 14 நாளுக்குள் அடிவயிற்று உறுப்புகளில் தொற்று வந்தது மருந்து பெற்றவர்களில் 4.1 சதவீதம், பெறாதவர்களில் 5.3 சதவீதம்.

வித்தியாசம் தெரிகிறது. ஆனால் அது தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதை ஒதுக்கிவிடும் அளவுக்கு இல்லை. நாணயத்தைப் பத்து முறை சுண்டி ஆறு முறை தலை விழுந்தால், அந்த நாணயத்தில் கோளாறு என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டோம் அல்லவா, அதுபோல.

பிறகுதான் சுவாரசியம். அந்த ஆய்வில் எதைத் ‘தொற்று’ என்று எண்ணினார்கள்? காய்ச்சல், சீழ்போன்ற வெள்ளைப்படுதல், தொட்டால் கர்ப்பப்பையில் வலி, ரத்தத்தில் வெள்ளை அணு உயர்வு ஆகிய நான்கில் இரண்டு இருந்தால் தொற்று. அதோடு, நான்கில் ஒன்று மட்டும் இருந்து, மருத்துவர் ‘இவருக்கு ஆன்டிபயாடிக் தேவை’ என்று முடிவு செய்தாலும் அதுவும் தொற்றுக் கணக்கில் சேர்ந்தது. இந்தக் கடைசி வகையைக் கழித்துவிட்டு, நான்கில் இரண்டு என்ற கறாரான அளவுகோலை மட்டும் வைத்தபோது எண்கள் 1.5 சதவீதம், 2.6 சதவீதம் என்று மாறின. இப்போது வித்தியாசம் தெளிவு. ‘தொற்று’ என்ற சொல்லை எவ்வளவு தளர்வாகப் பிடிக்கிறோமோ அந்த அளவுக்கு விடையும் தளர்ந்துவிடுகிறது. மருத்துவர்களுக்கே இப்படியென்றால், போனில் பேசிக்கொள்ளும் நம் நிலை என்ன?

அந்தக் கறாரான கணக்கைச் சாதாரண மொழியில் வைத்துப் பார்ப்போம். ஆயிரம் பெண்களில் மருந்து இல்லாமல் 26 பேருக்குத் தொற்று. மருந்தோடு 15 பேருக்கு. 11 பேர் தப்பித்தார்கள். அதாவது ஏறக்குறைய 90 பேருக்கு மருந்து கொடுத்தால் ஒருவர் தொற்றிலிருந்து தப்புகிறார். மீதி 89 பேரில் பெரும்பாலோருக்கு மருந்து இல்லாமலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஒன்றிரண்டு பேருக்கு மருந்து இருந்தும் தொற்று வந்திருக்கும். ‘ஆன்டிபயாடிக் போட்டும் எப்படி வந்தது?’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். தடுப்பு என்பது வாய்ப்பைக் குறைப்பது. பூட்டுச் சாவி போடுவதல்ல.

காப்பர்-டி விஷயம் இதற்கு நேர் எதிர். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வுத் தரவுகளை வைத்து 1992-ல் வெளியான கணக்கில் 22,908 பொருத்தல்கள் இருந்தன. தொற்று அபாயம் முதல் 20 நாளில்தான் கூடுதல், பிற்காலத்தைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு. அதற்குப் பிறகு மிகக் குறைவாகி அப்படியே நீடித்தது. இதிலிருந்து தெரிவது: தொற்றைக் கொண்டுபோவது பொருத்தும் செயல், உள்ளே ஆண்டுக்கணக்கில் இருக்கும் காப்பர்-டி அல்ல. ‘ஆறு மடங்கு’ என்று கேட்டதும், அப்படியானால் எல்லோருக்கும் தடுப்பு டோஸ் வேண்டுமே என்று தோன்றும். ஆனால் அந்த ஆறு மடங்குமே மிகச் சிறிய எண்ணின் ஆறு மடங்கு. கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. அதனால் காப்பர்-டிக்கு வழக்கமாகத் தடுப்பு ஆன்டிபயாடிக் பரிந்துரைக்கப்படுவதில்லை.

கர்ப்பப்பை பயாப்ஸி, ஹிஸ்டரோஸ்கோப்பி, வயிற்றுக்குள் பார்ப்பதற்கு மட்டுமான லேப்ராஸ்கோப்பி ஆகியவற்றுக்கும் பொதுவாக வேண்டியதில்லை. கருக்குழாய் அடைப்பைப் பார்க்கச் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரேவில் மட்டும் ஒரு விதிவிலக்கு: முன்பே அடிவயிற்றுத் தொற்று வந்தவர்களுக்கும், குழாய் வீங்கியிருப்பது தெரிபவர்களுக்கும் மருந்து கொடுக்கிறார்கள். பழைய தொற்று இருந்த இடத்தில் புதிய தொற்று சுலபமாகக் கிளம்பிவிடும்.

ஒரு வரியில்: அபாயம் கணிசமாக இருக்கும் இடத்தில் தடுப்பு டோஸ் பலன் தரும், ஏற்கெனவே அபாயம் மிகக் குறைவாக இருக்கும் இடத்தில் குறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

‘கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?’

குறையும். முதலில், லாக்டோபேசிலஸும் பாக்டீரியாதான் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆன்டிபயாடிக்குக் காவலாளியும் திருடனும் ஒன்றுதான். நல்லவை செத்ததும் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்; மாத்திரை முடிந்ததும் அரிப்போடும் தயிர்போன்ற வெள்ளைப்படுதலோடும் வரும் பெண்கள் பலர். குடலிலும் இதே கதை. பெரும்பாலும் சாதாரண வயிற்றுப்போக்கோடு போய்விடும். அரிதாக, கிளாஸ்ட்ரிடியாய்டீஸ் டிஃபிசில் என்ற கிருமி காலியான இடத்தைப் பிடித்துக்கொண்டு கடுமையான குடல் அழற்சியை உண்டாக்கும். ஒவ்வாமை இன்னொன்று: அரிப்பு, தடிப்பில் தொடங்கி, மிக அரிதாக உயிருக்கே ஆபத்தான அளவுக்குப் போகலாம்.

இவையெல்லாம் சாப்பிட்டவருக்கு வருபவை. ஊருக்கே வருவது மருந்து எதிர்ப்பு. பாக்டீரியா தன்னைக் கொல்ல வந்த மருந்தைத் தாங்கிக்கொள்ளப் பழகுவதுதான் அது. பழகுவது என்று சொன்னாலும், தனிப்பட்ட எந்தப் பாக்டீரியாவும் பாடம் படிப்பதில்லை. கோடிக்கணக்கானவற்றில் தற்செயலாக மருந்தைத் தாங்கும் குணமுள்ள ஒன்றிரண்டு இருக்கும். மருந்து மற்றதையெல்லாம் கொன்று அவற்றுக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கிறது. மருந்து எத்தனை நாள் இருக்கிறதோ அத்தனை நாளும் இந்தத் தேர்வு நடக்கும். ஒரு டோஸுக்கும் ஐந்து நாளுக்கும் இங்கே பெரிய வித்தியாசம். 2019-ல் மட்டும் உலகில் ஏறக்குறைய 12.7 லட்சம் மரணங்களுக்கு மருந்து எதிர்ப்புள்ள பாக்டீரியாத் தொற்று நேரடிக் காரணம் என்று 2022-ல் வெளியான கணக்கீடு சொல்கிறது.

மருந்தால் முடியாத வேலைகள்

கிளமிடியா, கொனோரியா போன்ற பால்வினைத் தொற்று ஏற்கெனவே கர்ப்பப்பை வாயில் இருந்தால், கருவி அதை அப்படியே மேலே ஏற்றிவிடும். கிளமிடியா பெரும்பாலான பெண்களுக்கு எந்த அறிகுறியும் காட்டாது என்பதுதான் தொல்லை. அதனால் அபாயம் உள்ளவர்களுக்கு முன்பே பரிசோதித்துச் சிகிச்சை கொடுக்கிறார்கள். இந்தக் கேள்விகளை மருத்துவர் கேட்கும்போது சங்கடப்பட்டு மறைப்பவர்கள், தடுப்பின் பாதிப் பலனை அங்கேயே விட்டுவிடுகிறார்கள்.

வீட்டிலிருந்தே சவரம் செய்துகொண்டு வருவது இன்னொரு பழக்கம். பிளேடு தோலில் போடும் நுண்ணிய கீறல்களில் கிருமிகள் குடியேறும். முடியை எடுக்க வேண்டாம். எடுத்தே ஆக வேண்டுமென்றால் கிளிப்பரால் கத்தரிக்க வேண்டும் என்பதே இப்போதைய பரிந்துரை.

கர்ப்பப்பைக்குள் துணுக்கு ஏதாவது தங்கிவிட்டால் எந்த மருந்தும் முழுதாக உதவாது. உயிரற்ற பொருள் அருகில் இருந்தால் கிருமிக்கு வேலை எவ்வளவு எளிது என்பதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. 1957-ல் எலெக், கோனென் என்ற இருவர் தன்னார்வலர்களின் தோலில் ஸ்டெஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவைச் செலுத்தினார்கள். சீழ் பிடிக்க லட்சக்கணக்கில் தேவைப்பட்டது. அதே தோலில் ஒரு பட்டுத் தையல் நூல் இருந்தபோது சில நூறு பாக்டீரியாக்களே போதுமானதாக இருந்தன. ரத்த ஓட்டம் இழந்து உள்ளே தங்கிய திசுவும் அந்த நூல்போலத்தான் கிருமிக்கு மறைவிடம் ஆகிறது.

வீட்டுக்கு வந்த பிறகு

மாதவிடாய்போன்ற வலி, சில நாள் ரத்தப்போக்கு, சோர்வு எல்லாம் எதிர்பார்ப்பதுதான். நாளாக நாளாக அவை குறைந்துகொண்டே வர வேண்டும். திசை மாறினால்தான் கவனம். வலி குறைந்துவந்து மறுபடி ஏறுவது, 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட் அளவுக்குக் காய்ச்சல், குளிர் நடுக்கம், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், அடிவயிற்றைத் தொட்டாலே வலி ஆகியவை தொற்றின் குரல். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் இது தெரிந்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நாப்கின் நனைந்து, அது தொடர்ந்தாலோ, மயக்கம் வந்தாலோ காத்திருக்கவே கூடாது.

அப்போது வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைப் போட்டுப் பார்ப்பதுதான் இருப்பதிலேயே மோசமான யோசனை. தவறான மருந்தாலும் காய்ச்சல் ஒரு நாள் அடங்கும், ஆனால் உள்ளே சீழ் வளரும். இந்தத் தொற்று கருக்குழாய் வரை ஏறி, ஆறும்போது தழும்பாகிவிட்டால், பின்னால் குழந்தைப்பேறு கடினமாகலாம். கரு குழாயிலேயே தங்கும் ஆபத்தும் கூடும். இப்போது தேவைப்படுவது தடுப்பு டோஸ் அல்ல, முழுச் சிகிச்சை: ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து, நாள் கணக்கு, தேவையானால் ஸ்கேன் செய்து உள்ளே தங்கியதை அகற்றுவது.

அந்த இரண்டாவது பெண்

தூங்காமல் கிடந்தவர் மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கே போன் போட்டார். “எனக்கு ஏன் ஆன்டிபயாடிக் தரலை?” என்று நேராகவே கேட்டார். செவிலியர் ஃபைலைப் புரட்டிப் பார்த்து, “கொடுத்திருக்கோமே மேடம். தியேட்டருக்குள்ள போறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, டாக்ஸிசைக்ளின், ரெண்டு கேப்ஸ்யூல்” என்றார். அவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பச்சை கவுன் மாட்டி உட்கார்ந்திருந்தபோது யாரோ கையில் இரண்டு கேப்ஸ்யூலும் ஒரு மடக்குத் தண்ணீரும் கொடுத்தார்கள். மயக்கத்துக்கான மருந்து என்று நினைத்து விழுங்கியிருந்தார்.